நைனா நிறுத்திய மேளம்

அன்று காலை பத்து மணிக்கு அந்தக் கல்யாண மண்டபத்தில் இருந்தவர்கள்: சக்கர நாற்காலியில் நைனா, அவருக்குப் பின்னால் மருந்துப் பையோடு அம்மா, ஒலிப்பதிவுக் கருவியோடு நான், எங்கள் ஊர் சமுதாய வானொலியின் நிலைய மேலாளர் உமா மேடம், மேடைக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்த நாதஸ்வரக்காரர் துரைசாமி அண்ணன், அவருடைய குழுவினர் நான்கு பேர். கதவருகில் சாவிக்கொத்தோடு மண்டபத்து வாட்ச்மேன். வராதவர்கள் மூன்று பேர். என் அக்கா, அக்காவின் கணவரான பாவா, பாவாவின் அம்மா. அன்றைக்கு மேளம் வாசிக்கச் சொன்னதே அந்த மூன்று பேருக்காகத்தான்.

மணமேடையில் ஒரு பூ கூட இல்லை. மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. துரைசாமி அண்ணன் நாதஸ்வரத்தின் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே, "யாருக்குப்பா கல்யாணம்? பொண்ணையும் காணோம், மாப்ளயையும் காணோம்" என்று சிரித்தார். நைனா சிரிக்கவில்லை.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி விட்டீங்களே அண்ணே, அந்த எடத்துலேர்ந்து வாசிங்க" என்றார்.

நைனா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலர் அந்த ஆறு வருஷத்துக் கதையைப் பாதியாகத்தான் அறிந்தவர்கள். மீதியையும் எழுதும்படி அக்காதான் சொன்னார். "எழுதுடா. இனிமே மறைக்கறதுக்கு இன்னா இருக்குது" என்றார். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நைனா பிறந்தது மணவூரில், ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருவில். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்த குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர். பள்ளிக்கூடத்தின் உள்ளே எப்படி இருக்கும் என்பதை அக்காவைச் சேர்க்கப் போன அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததாகச் சொல்வார். மாடு மேய்த்த நாட்களைப் பற்றிக் கேட்டால் மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். ரயிலைப் பற்றித்தான் சொல்வார். அரக்கோணத்திலிருந்து வரும் வண்டி தூரத்தில் ஒரு சுருதியில் ஊதிக்கொண்டு வருமாம். நிலையத்தைத் தாண்டியதும் அதே ஊதல் கொஞ்சம் இறங்கிவிடுமாம். "ஏன் எறங்குதுன்னு கேக்காத ஆள் இல்ல. ஒருத்தருக்கும் தெரியல" என்பார்.

கல்லூரியில் நான் மின்னணுவியல் படித்தபோது அதற்கு விடை கிடைத்தது. அன்று மாலையே ஓடிவந்து, நோட்டில் கோடு போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, இருக்கட்டும். காரணம் தெரியறதுக்கு முன்னாடி இன்னும் நல்லாருந்துச்சு" என்றார்.

பதினைந்து வயதில் திருத்தணிக்கு வந்து ஒரு மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். குழாய் ஸ்பீக்கரைத் தோளில் வைத்துக்கொண்டு மலைப்படி ஏறுவார். கிருத்திகை நாட்களில் மேலே கச்சேரி நடக்கும். கேட்க வந்தவர்கள் நடுவில் எழுந்து பிரசாதம் வாங்கப் போவார்கள், குழந்தைக்குத் தண்ணீர் காட்டப் போவார்கள். ஆம்ப்ளிஃபயரை விட்டு நகர முடியாத நைனா மட்டும் முதல் பாட்டிலிருந்து மங்களம் வரை அங்கேயே இருப்பார். அப்படி வருஷக்கணக்கில் இருந்ததில் அவருக்குள் பாட்டு வந்து தங்கிவிட்டது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்தவர் அவர். ஆனால் நாற்பது ஐம்பது ராகங்களைக் கேட்டவுடன் பிரித்துச் சொல்வார், அதுவும் அவரே வைத்த பெயரில். கல்யாணிக்கு 'விளக்கு ஏத்தற நேரம்' என்று பெயர். மோகனத்துக்கு 'நெல்லு காயற களம்'. சஹானாவுக்கு மட்டும் நீளமான பெயர், 'கோச்சிக்கினு போனவங்க திரும்பி வர்ற வழி'.

அம்மா மலையடிவாரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தார். இவர்கள் கல்யாணம் நடந்த கதையை அம்மா இந்த மலரில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஊரில் சமுதாய வானொலி தொடங்கியபோது வயர் இழுக்கத்தான் நைனாவைக் கூப்பிட்டார்கள். இழுத்துக்கொண்டிருந்தவர் உள்ளே ஓடிய பாட்டைக் கேட்டுவிட்டு, "மேடம், இது கொஞ்சம் வேகமா ஓடுது. அந்தம்மா இவ்ளோ மேல பாட மாட்டாங்க" என்றாராம். சோதித்துப் பார்த்தால் உண்மை. வயர் இழுக்கும் வேலை முடிந்த பிறகும் உமா மேடம் அவரை அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து அரை மணி நேரம் சாஸ்திரிய சங்கீத நிகழ்ச்சி. அதைத் தயாரிக்கும் பொறுப்பு நைனாவுக்கு.

பெரிய வித்வான்களுக்குக் கொடுக்க நிலையத்தில் பணம் கிடையாது. கோயிலில் தேவாரம் பாடும் பெரியவர், தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே வயலின் வாசிக்கும் ஒரு அம்மா, கல்யாண மேளக்காரர்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் தேடித் தேடிப் பதிவு செய்தார். பாட்டு, ராகம், தாளம் எல்லாம் நான் தாளில் எழுதுவேன். எதன்பின் எது வர வேண்டும் என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா விட வேண்டும். "கேக்கறவங்க வெளிய வரணும் இல்ல? கதவ மூடிக்கினா எப்டி வருவாங்க?" என்பார். மலைக்குப் பின்னாலிருந்து வரும் மின்சார ரயிலின் ஓசை பதிவில் விழுந்தால் அதை வெட்ட விடமாட்டார். பனிக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஊர் முழுக்க மூட்டமாக இருக்கும். டீக்கடையிலிருந்தும் பூக்கடையிலிருந்தும் வருகிற அந்த அரை மணி நேரச் சங்கீதத்துக்குள் நான் சைக்கிளில் போவேன். ஒரு கடையில் விட்ட சங்கதியை அடுத்த கடையில் பிடிக்கலாம். அது நிஜமாக நடந்ததா, தூக்கத்தில் கண்டதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பதிவு செய்யும்போது நைனாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. இதைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். பாடுகிறவருக்குத் தொண்டை அடைத்தாலோ, குரல் தழுதழுத்தாலோ, நைனாவின் வலது கை மேலே போகும். உடனே எல்லாரும் நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் கொடுப்பார். "ஒண்ணும் இல்ல, மெதுவா. இன்னொரு தபா" என்பார். எங்கள் பக்கத்தில் அந்தக் கையைக் கண்டு நிறுத்தாத கலைஞர் கிடையாது.

அக்காவின் கல்யாணம் முதலில் சொன்ன அந்த மலையடிவார மண்டபத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீடு பள்ளிப்பட்டைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவுக் கிராமம். துரைசாமி அண்ணன் மேளம். நைனாவே மைக் செட், நைனாவே பெண்ணின் தகப்பனார். தாரை வார்த்துக் கொடுத்ததும், "ஒரே நிமிஷம்" என்று மேடையிலிருந்து இறங்கிவிட்டார். முகூர்த்த மாதத்து நிகழ்ச்சிக்காக அந்தக் கெட்டிமேளத்தைப் பதிவு செய்ய ஆசை. புரோகிதரின் அங்கவஸ்திரத்தில் சின்ன மைக் ஒன்றை ஏற்கெனவே குத்தியிருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று புரோகிதர் குரல் கொடுத்தார். மேளம் எழுந்தது. பாவா தாலியை எடுத்து அக்காவின் கழுத்துக்குக் கொண்டுபோனார். அந்த நேரத்தில் நைனாவின் வலது கை மேலே போனது.

மேளம் நின்றுவிட்டது.

அந்த நிசப்தத்தில்தான் முதல் முடிச்சு விழுந்தது. யாரோ ஒரு குழந்தை, "ஏம்மா மேளம் நின்னுபோச்சி?" என்று கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் நைனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "மைக்குல கர்ருன்னு ஹம்மு வந்துச்சிப்பா. இன்னொரு தபா வாசிங்க" என்றார்.

"இன்னொரு தபாவா? அப்ப தாலியும் இன்னொரு தபா கட்டணுமா? இது இன்னா உங்க ரேடியோவா?" என்றார் சம்பந்தியம்மா. அதாவது பாவாவின் அம்மா. சிலர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அழுகையோ கெட்ட சொல்லோ காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? அது நின்றுபோன கல்யாணம் என்று அந்த வீட்டில் அக்காவின் கல்யாணத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தறி மோட்டார் எரிந்தாலும் அதனால்தான், அக்காவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனதும் அதனால்தான். அக்காவைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. பிறகு அக்காவே வருவதை நிறுத்திக்கொண்டார். நைனா ஒருநாள் போனில் கெஞ்சியபோது அக்கா சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"மேளம் நின்னது பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல நைனா. அன்னிக்கு எல்லாரும் என்னப் பாத்துகினு இருந்தாங்க. நீ மட்டும் மிஷின பாத்துகினு இருந்த."

அதன்பின் அக்கா போனை எடுக்கவில்லை. எங்கள் நிலையத்தின் அலை பள்ளிப்பட்டுச் சாலையில் பாதி தூரம்தான் தெளிவாகப் போகும். அதற்கப்புறம் தெலுங்கு நிலையம் ஒன்று மேலே ஏறிக்கொள்ளும். ஆலாபனைக்கு நடுவே யாரோ நிலக்கடலை விலை சொல்வார்கள். அக்காவின் ஊரில், மாடியில் நின்றால், பனி இறங்கும் காலத்தில் மட்டும் கொஞ்சம் கேட்கும் என்று ஒரு லாரிக்காரர் நைனாவிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பனிக்காலம் வந்தால் நைனா நிகழ்ச்சியைச் சற்று மெதுவான பாட்டில் தொடங்குவார். மாடிப்படி ஏறி வர நேரம் வேண்டுமே என்று காரணம் சொல்வார். யார் மாடிப்படி ஏறுகிறார்கள் என்று நானும் உமா மேடமும் கேட்டதில்லை.

பிறகு நைனாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் இரண்டு முறை ரத்தச் சுத்திகரிப்பு. இதயமும் பலவீனமாக இருக்கிறது, பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். வர வேண்டியவர் ஒருவர்தான். நைனாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள், "மேளம் பாதியில நின்னதுதான குத்தம்? முழுசா வாசிச்சுப் பதிவு பண்ணி, அந்தப் பழைய பதிவோட சேத்து ஒட்டி வெள்ளிக்கெழம போட்டுட்டா?" என்றார்.

"சாமி, இந்த ஆளுக்கு எல்லாமே ஒட்டற வேலதான்" என்றார் அம்மா. ஆனாலும் துரைசாமி அண்ணனுக்குப் போன் போட்டவர் அம்மாதான்.

நான் தொடக்கத்தில் எழுதிய அந்தக் காலை அப்படித்தான் வந்தது. காலி மண்டபத்தில் கெட்டிமேளம் ஒன்றரை நிமிஷம் முழங்கி ஓய்ந்தது. மேடையில் யாரும் இல்லை. ஆனாலும் அம்மா முந்தானையிலிருந்து அட்சதையை எடுத்து வெறும் மேடை மீது போட்டார். வாட்ச்மேனும் ஓடிவந்து ஒரு பிடி வாங்கிக்கொண்டார்.

ஒட்டும் வேலை என்னுடையது, நைனாவுக்குக் கை நடுக்கம். பழைய கல்யாணப் பதிவில் நான்கு மைக்குக்கு நான்கு தனிப்பதிவுகள் இருந்தன. இத்தனை வருஷம் யாரும் அவற்றைப் பிரித்துக் கேட்டதில்லை. நிலையத்துக் கணினியில் மேளத்தின் மைக்குகளை அடைத்துவிட்டு, புரோகிதரின் மைக்கை மட்டும் திறந்தேன். மந்திரம், வளையல் சத்தம், தூரத்தில் மேளம். அதற்குள் ஒரு விசும்பல். அடக்கி அடக்கி, அடக்க முடியாமல் தொண்டையில் உடைந்த விசும்பல். அக்காவினுடையது. அடுத்த நொடியில் மேளம் நிற்கிறது. ஹம் என்று எதுவும் அந்தப் பதிவில் இல்லை.

வீட்டுக்குப் போய் நைனாவிடம் கேட்டேன்.

"ஆங், தெரியும்" என்றார்.

"தெரிஞ்சேதான் நிறுத்துனியா?"

"எங்கடா தெரிஞ்சி நிறுத்துறது? காதுல அவ தொண்ட அடச்சுச்சி. கை அதுவா மேல போயிட்ச்சி. எத்தினி வருஷத்துப் பழக்கம்."

"அப்புறம் ஏன் ஹம்முன்னு சொன்ன?"

"தாலி கட்டும்போது பொண்ணு அழுவுதுன்னு சொல்லச் சொல்றியா? மாப்ள புடிக்கலன்னு அழுவுதுன்னு அந்தம்மா ஊர் பூரா சொல்லும். என்ன மிஷின் பைத்தியம்னு சொல்லிட்டுப் போவட்டும். அவ அங்க வாழணும் இல்ல?" பிறகு, "அவகிட்ட சொல்லாத" என்றார்.

நைனாவின் சொல்லை நான் மீறியது அந்த ஒரு முறைதான். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் பள்ளிப்பட்டு பஸ் ஏறினேன்.

அக்காவும் பாவாவும் தறிக்கொட்டகையில் இருந்தார்கள். இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. பேசினால் காதில் விழாது. நான் இயர்போனை அக்காவின் காதில் வைத்து, கைப்பேசியில் பதிவை ஓடவிட்டேன். கேட்டார். திரும்ப ஓடவிடும்படி சைகை செய்தார். மூன்றாவது முறை ஓடும்போது சம்பந்தியம்மா உள்ளே வந்துவிட்டார். பாவா தறியை நிறுத்தினார்.

"இன்னா கேக்கறா? எவன் செத்தான், இப்டி நிக்கறா?" என்றார் சம்பந்தியம்மா.

நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அக்கா இயர்போனைக் கழற்றிவிட்டு நேராகச் சொன்னார்.

"தாலி கட்டும்போது நான் அழுதேன் அத்த. நைனா அதைக் கேட்டுட்டுத்தான் மேளத்த நிறுத்துனாரு. ஹம்முன்னு சொன்னது பொய்யி."

பாவா, "ஏன் அழுத?" என்று மெல்லக் கேட்டார்.

"நைனா ஒக்காந்திருந்த எடம் காலியா இருந்துச்சி. எங்க போனார்னு பாத்தேன். அழுகை வந்துட்ச்சி."

சம்பந்தியம்மா தறியில் அறுந்து தொங்கிய இழையை எடுத்து முடிந்தார். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துல எவ அழல? நானுந்தான் மூக்கு ஒழுக அழுதேன். அது வெளிய கேக்கக் கூடாதுன்னுதான்டா மேளம் வாசிக்கறது! அத போய் நிறுத்துனா? ஒங்க நைனாவுக்கு இவ்ளோ காது ஆவாது."

காலி மண்டபத்தில் மேளம் வாசித்ததையும், அது வெள்ளிக்கிழமை ஒலிபரப்பாகப் போவதையும் சொன்னேன்.

"ரேடியோல வாசிச்சா ஆச்சா? கட்னவனும் கட்டிக்கினவளும் இல்லாம யாருக்கு மேளம்? ஆளுங்கள நிக்க வெச்சி வாசிக்கச் சொல்லு. ஞாயித்துக்கெழம நாங்க வர்றோம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் அக்காவும் பாவாவும் மாலையோடு நின்றார்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அக்கா அந்த வாசலில் நிற்கிறார். தெருவே கூடிவிட்டது. உமா மேடம் பதிவுக் கருவியைக் கொண்டுவந்திருந்தார். நைனா வேண்டாமென்று தலையாட்டினார். "இன்னிக்கு நான் பாக்கணும் மேடம்" என்றார். அவருடைய வலது கையை அம்மா தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "இது மேல போச்சுன்னா ஒடச்சிப்புடுவேன்" என்றார். துரைசாமி அண்ணனுக்குச் சிரிப்பு வந்து சீவாளி வாயிலிருந்து நழுவியது.

மேளம் எழுந்தது. அக்கா அழுதது எங்களுக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. நைனா ஒரு தடவை கூடக் கண்ணை மூடவில்லை. பாட்டு என்றால் கண்ணை மூடிக்கொள்ளும் மனிதர் அவர். அந்த ஒன்றரை நிமிஷமும் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தயாரித்த நிகழ்ச்சிகள் எல்லாம் நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன. அன்றைய மேளம் எதிலும் இல்லை. எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெயில் இருந்தது, மலைமேல் யாரோ அரோகரா சொன்னார்கள், தெரு முழுக்கச் சாமந்தி வாசம் அடித்தது.

அதற்குப் பிறகு நைனா இருபத்தாறு நாள் இருந்தார். அத்தனை நாளும் அக்கா கூடவே இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன்னால், தூக்கத்திலேயே போய்விட்டார். அக்காதான் பக்கத்தில் இருந்தார்.

நைனாவின் நோய்க்காலத்தில் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் சலிக்காமல் ஆட்டோ ஓட்டிய தெருத் தம்பிகளுக்கும், ஊசி குத்தும் முன் அவருக்குப் பாட்டுப் போட்டுவிட்ட செவிலியர்களுக்கும், இன்றுவரை வெள்ளிக்கிழமைகளில் அவர் சொல்லிவைத்த வரிசைப்படியே ஒலிபரப்பிவரும் உமா மேடத்துக்கும், இறுதிக் காரியங்களில் ஒரு மகனைப் போல் உடன் நின்ற பாவாவுக்கும், கோபத்தை ஒரே நிமிஷத்தில் விட்டுவிட்ட சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. துரைசாமி அண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்குப் பணமே வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். "என் பொண்ணு கல்யாண மேளம் ஓசியா?" என்று நைனா கோபித்துக்கொண்ட பிறகே, ஆளுக்கு நூற்றொரு ரூபாய் வீதம் ஐந்து பேரும் வாங்கிக்கொண்டார்கள். அது ஐநூற்று ஐந்து. அவர்கள் வந்து போன வேனுக்கு அறுநூறு, இரண்டு மாலைக்கு இருநூற்று நாற்பது, டீக்கும் வடைக்கும் எண்பத்தைந்து. ஆக மொத்தம் ஆயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.